எட்டு எம்எம் அண்ணனின் சூளை

தனக்குத் தெரியாத வேலையே உலகத்தில் இல்லை என்று நினைப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதைத் தெருவுக்கே செய்து காட்டி, தெருவையே நாசம் பண்ணியவர் போடிநாயக்கனூரில் எங்கள் பக்கத்து வீட்டு எட்டு எம்எம் அண்ணன் ஒருவர்தான்.

ஏலக்காயைச் சலித்துத் தரம் பிரிப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. எட்டு எம்எம் சல்லடையில் தங்குகிற பருத்த காய்தான் முதல் தரம். மனிதர்களையும் அவர் அதே சல்லடையில்தான் போட்டுப் பார்ப்பார். ஒரு கல்யாண வீட்டில் மேடையைப் பார்த்து, பெண்ணின் அப்பா காதில் விழும்படியாக, "மாப்ள ஏழுதேன். ஆனா நல்லாக் காஞ்சிருக்காப்ல" என்று தீர்ப்புச் சொன்னவர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க சல்லடையில நிக்க மாட்டீக தம்பி" என்றார். நாங்கள் குடிவந்த முதல் நாளே சொன்னார், அதுவும் என் மனைவி எதிரிலேயே.

போன வருஷம் அவர் மனைவி ஈஸ்வரி மதினிக்குக் குரங்கணியில் ஒரு காப்பிக் கடை வைக்க இடம் கிடைத்தது. மலையேற வருகிறவர்கள் ஜீப்பை விட்டு இறங்கும் இடம். எத்தனையோ வருஷமாக மதினி கேட்டுக்கொண்டிருந்த கடை அது. ஞாயிற்றுக்கிழமை திறப்பு என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. சும்மா இருந்திருந்தால் கடை பாட்டுக்குத் திறந்திருக்கும்.

"எம் பொண்டாட்டி கடையில பேப்பர் கப்பா? மானம் போயிரும். மண் கப்புதேன். கிளேஸ் நான் ஏத்துறேன்" என்று அண்ணன் கிளம்பிவிட்டார்.

கிளேஸ் என்பது மண் கப்பின் மேல் ஏற்றுகிற கண்ணாடிப் பூச்சு. சாம்பல், களிமண், வெள்ளைக்கல் பொடி எல்லாவற்றையும் கரைத்துப் பூசிச் சூளையில் வைத்தால், சூட்டில் உருகிப் பளபளவென்று பிடித்துக்கொள்ளும். அண்ணன் இதைப் போனில் இரண்டு வீடியோ பார்த்துக் கற்றிருந்தார். இரண்டாவதைப் பாதியில் நிறுத்திவிட்டார். தெரிந்ததையே சொல்கிறார்களாம்.

பக்கத்து ஊர் வேளார் அறுபது கப் வனைந்து, ஒரு தடவை சுட்டு, பொடிகளோடு கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரு நைஸ் சல்லடை, கப்பைப் பிடித்து முக்கியெடுக்க ஓர் இடுக்கி, ஒரு பஞ்சு.

"கலவைய ரெண்டு தடவ சலிங்க. கப்போட அடிய மட்டும் ஈரப் பஞ்சால தொடச்சிருங்க. சூளையில ஒண்ண ஒண்ணு தொடக் கூடாது" என்றார் வேளார்.

பஸ் ஸ்டாண்டு மைக்கில் வருகிற அறிவிப்பைக் கேட்பதுபோல அண்ணன் கேட்டுக்கொண்டார். வேளார் தலை மறைந்ததும், "அவருக்குப் பானை தெரியும், சூடு தெரியாது" என்றார்.

முதலில் மதினியின் கிரைண்டரில் கலவையை ஆட்டினார். அந்த வாரம் அந்த வீட்டு இட்லியை நாங்கள் மரியாதையாக மறுத்தோம். பிறகு சலித்தார், வேறு எதில், ஏலக்காய்ச் சல்லடையில்தான். மணல், சரளை, இரண்டு கட்டெறும்பு எல்லாம் தடையில்லாமல் தேறி வாளிக்குள் இறங்கின.

"ஒண்ணொண்ணா முக்கியெடுக்க எனக்கென்ன வேற சோலி இல்லையா?" என்று இடுக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும் பம்பைக் கழுவி முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார். கப்புகளைக் காம்பவுண்டுச் சுவரில் வரிசையாக வைத்து, தெருவில் நின்று அடித்தார். மலைக்காற்று எதிரே வீசியது. கப்புகளுக்கு ஒரு பங்கு கிடைத்தது. மீதியைப் பால்காரர் மீசையும், காயப் போட்டிருந்த போர்வைகளும், என் மோட்டார் சைக்கிளும் பகிர்ந்துகொண்டன.

"அண்ணே, என் வண்டியப் பாருங்க!"

"கழுவிராதீக தம்பி. காஞ்சா ஷைனிங் குடுக்கும்."

கொல்லையில் கேஸ் அடுப்பு வைத்து ஒரு சூளை கட்டியிருந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ஸ்டோரு. மலையில் ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்துக்குத்தான் அந்தப் பெயர். பெயரோடு நிறுத்தியிருக்கலாம். உலர்த்துகிற தட்டில் காயைப் பரப்புவதுபோலவே கப்புகளையும் இடைவெளியில்லாமல் நெருக்கி அடுக்கினார்.

"வேளாரு தொடக் கூடாதுன்னாரேண்ணே?"

"தட்டுல எடம் விட்டுக் காய் பரப்புனதப் பாத்திருக்கீகளா? நெரிச்சு வச்சாத்தேன் சூடு ஒண்ணுபோல ஏறும்."

"அடியையும் தொடைக்கலையே?"

"தொடச்சா அடி மொட்டையா நிக்கும். அசிங்கமா இருக்காது?"

புதன்கிழமை காலையில் சூளையைத் திறக்கும்போது தெருவே நின்றது. அவரேதான் வீடு வீடாகப் போய் அழைத்திருந்தார். பச்சை நிறம் அருமையாக வந்திருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். அண்ணன் பெருமையாக ஒரு கப்பைப் பிடித்துத் தூக்கினார். மொத்தமும் வந்தது. உருகிய பூச்சு கப்போடு கப்பை ஒட்டி, அடித்தட்டையும் சேர்த்துப் பிடித்து, ஒரே பாளமாக இறுகிக் கிடந்தது.

நான் விடவில்லை. "அண்ணே, இது எத்தன எம்எம்?" என்றேன். தெரு சிரித்தது.

எதற்கும் பதில் வைத்திருக்கிற மனிதர், பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஞாயித்துக்கெழம ஆளு வந்து நிக்கும் ஈஸ்வரி. ஒங்கடையக் கெடுத்துட்டேனே" என்றார். என் நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம் போலிருந்தது எனக்கு.

மதினி உள்ளே போய் ஒரு கூடையோடு வந்தார். கூடை நிறையப் பூசாத கப்புகள்.

"இருபத எடுத்து அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன். அம்புட்டையும் ஒங்க கையில குடுக்க நான் என்ன கிறுக்கியா? வெரசா எந்திரிங்க. இந்தத் தடவ வேளாரு சொன்னபடி செய்யணும், ஆமா."

எழுந்தார். புதுக் கலவை கரைத்து நைஸ் சல்லடையில் இரண்டு தடவை சலித்தார். இடுக்கியால் ஒவ்வொரு கப்பாகப் பிடித்து, மூன்று எண்ணும் வரை முக்கி, எடுத்து, கவிழ்த்து அடியைத் துடைத்தார். சூளையில் அடுக்கும்போது என்னைக் கூப்பிட்டு, "தம்பி, ஒரு வெரல் எடம் போதுமா?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்து அடுத்தவரிடம் ஒரு சந்தேகம் வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கும் தெரியாது. "போதும்ணே" என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் தெருவில் யாரையும் அழைக்காமல் சூளையைத் திறந்தார். இருபதும் தனித்தனியாக வந்தன.

ஞாயிற்றுக்கிழமை குரங்கணிக்கு ஜீப்பில் போகும்போது, பாளத்தின் கதையைக் கடைக்கு வருகிறவர்களிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டேதான் போனேன். என் புத்தி அப்படி. கடையில் கூட்டம். அண்ணன் பின்பக்கக் குழாயடியில் கப் கழுவிக்கொண்டிருந்தார். மலையேற வந்த ஒரு பெண் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எங்க வாங்குனது?" என்று கேட்டாள்.

"வனைஞ்சது வேளாரு. இந்தப் பச்சை ஏத்துனது எங்க வீட்டுக்காரரு" என்றார் மதினி.

"இவ்வளவு அழகா மொத தடவையிலயே வந்துருச்சா?"

மதினி என்னைப் பார்த்தார். குழாயடியில் கழுவுகிற சத்தம் நின்றது.

"மொதத் தடவையிலயே வந்துருச்சும்மா. நான் பக்கத்து வீடுதான், கூடவே நின்னு பாத்தேன்" என்றேன்.

யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.