குனிந்த தலை நிமிராத குறும்பதிவர்

மனித குலத்தில் புதிதாக ஓர் இனம் கிளம்பியிருக்கிறது. குறும்பதிவர் என்று பெயர். இரண்டே வரியில் எதையாவது எழுதி உலகத்தை நோக்கி வீசிவிட்டு, உலகம் அதைப் பிடித்துக்கொண்டதா என்று நொடிக்கொரு தரம் எட்டிப் பார்ப்பவர். பொழுதுபோகாமல் இதைச் செய்கிறவரை விட்டுவிடுங்கள், அவர் அப்பாவி. நான் சொல்வது தொழிலுக்காகச் செய்கிறவரை. "தொடர்புகளை வளர்த்துட்டிருக்கேன்" என்று சொல்லும்போது அவர் முகத்தில் வழியும் பூரிப்பைப் பார்த்தால், நமக்கும் அவசரமாக ஒரு கடையைத் திறந்து நாலு தொடர்பை வளர்த்தால் என்ன என்று தோன்றிவிடும்.

எனக்கு இவரைத் தேடி அலையும் சிரமமே இருக்கவில்லை. என் சகலையே அந்த இனம்தான். திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி, அதாவது என் மச்சினி, கடையின் உள்ளறையில் மிஷினில் உட்கார்ந்து தைக்கிறாள். இவர் முன்னால் கல்லாவில் உட்கார்ந்து பதிவு போடுகிறார். குறும்பதிவால் வியாபாரத்துக்கு என்னென்ன லாபம் என்று ஓர் இணைய வகுப்பில் படித்தாராம். "விற்காதீங்க, உறவாடுங்கன்னு சொல்லிக் குடுத்தாங்கண்ணே" என்றார் என்னிடம். பாடத்தின் முதல் பாதியை அன்றிலிருந்து வழுவாமல் கடைப்பிடிக்கிறார். விற்பதே இல்லை.

உறவாடுவதைக் கேட்கிறீர்களா? பல் துலக்குமுன் ஊருக்கெல்லாம் ஒரு காலை வணக்கம், மழை தூறினால் "சன்னலைச் சாத்துங்கள், சாத்திய சன்னலுக்கும் திரை வேண்டும்", வெயிலடித்தால் அதற்கு ஒரு திரை, முன்பின் தெரியாத யாருக்கோ இரட்டைக் குழந்தை பிறந்தால் "வாழ்த்துகள், குழந்தைகள் அறைக்கு மெல்லிய துணியே நல்லது", இன்னொருவருடைய தாத்தா காலமாகிவிட்டார் என்றால் "ஆழ்ந்த இரங்கல், எல்லா அளவிலும் கிடைக்கும்." என்ன கிடைக்கும் என்று அந்தப் பேரன் கேட்கவில்லை. துக்கத்தில் இருந்திருப்பார்.

ஒருநாள் கடைக்கு வந்த அம்மாள் ஒருவர் பச்சைத் துணியைக் காட்டி விலை கேட்டிருக்கிறார். சகலை நிமிரவில்லை. "அந்தக் கேள்வியைக் கமெண்ட்ல போடுங்க மேடம், நாலு பேருக்குப் பயன்படும்" என்றார். அந்த அம்மாள் கடைக்குள் நின்றுகொண்டிருந்தார். அப்புறம் நிற்கவில்லை.

மச்சினிக்கு இது விளையாட்டாக இல்லை. "இந்த மாசத்துக்குள்ள பெரிய ஆர்டர் ஒண்ணு வரலேன்னா கடையைத் தம்பிகிட்ட விட்டுடலாம். டயர் அடுக்க எடம் வேணும்னு நச்சரிக்கிறான்" என்றாள். தம்பி என்பது எனக்கும் சகலைக்கும் பொதுவான மச்சான். பாவம், பத்து விரலிலும் ஊசி ஏறி இறங்க அவள் வளர்த்த கடை அது.

"கவலையே படாத. ஒரு விடுதி முதலாளிய விடாம புடிச்சிட்டிருக்கேன்" என்றார் சகலை.

"போய்ப் பார்த்தீங்களா?"

"லைக் போட்டுட்டிருக்கேன்."

புதிதாகக் கட்டிய விடுதி, எல்லா சன்னலும் மொட்டையாக நிற்கிறதாம். அந்த முதலாளி முழங்கால் வலி என்று எழுதினால் இவர் வருந்தினார். தன் நாயைப் படம் பிடித்துப் போட்டால் "என்ன கம்பீரம் ஐயா, ஒருதரம் நம்ம கடைக்கு வாங்க" என்று எழுதினார். அழைப்பு நாய்க்கா முதலாளிக்கா என்பது தெளிவாக இல்லைதான். ஆனாலும் முதலாளி வந்துவிட்டார்.

வந்து, கல்லாவுக்கு எதிரே நின்று, "தம்பி" என்றார். சகலை குனிந்த தலை நிமிராமல் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். "ஒரு நிமிஷம் சார், முக்கியமான ஒருத்தருக்கு எழுதிட்டிருக்கேன்."

முக்கியமான ஒருத்தர் காத்திருந்தார். இருமிப் பார்த்தார். துணியைத் தடவிப் பார்த்தார். உள்ளே மிஷின் ஓடும் சத்தத்தில் மச்சினிக்கு எதுவும் கேட்கவில்லை. கடைசியில் அந்த மனிதர் தன் போனை எடுத்து, எதிரே தெரிந்ததை ஒரு படம் பிடித்துக்கொண்டு, தெருவில் இறங்கிப் பதிவு போட்டார்: "இன்று ஒரு கடையில் எனக்குக் கிடைத்த தரிசனம். முகத்தைப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்." கடையின் பெயரைப் போடவில்லை. கண்ணியமானவர். படத்தில் இருந்ததெல்லாம் ஓர் உச்சந்தலை, அதன் நடுவில் வட்டமாக ஒரு வழுக்கை.

தன் உச்சந்தலையை யார் பார்த்திருக்கிறார்கள்? முதலாளியின் பதிவு கண்ணில் பட்டதும் சகலைக்கு ரத்தம் கொதித்தது. அடுத்த நொடி அதை எடுத்துப் பகிர்ந்து, மேலே எழுதினார்: "வெட்கக்கேடு ஐயா. இவனெல்லாம் கடை வைக்கவில்லை என்று யார் அழுதார்கள்? நம்ம கடைக்கு வாங்க, ராஜா மாதிரி கவனிக்கிறோம்."

உறவுக்காரர்கள் அத்தனை பேரையும் தன்னைப் பின்தொடரச் சொல்லி உயிரை வாங்கியிருந்தார் அல்லவா, அதனால் மிஷின் பக்கத்தில் இருந்த போன் 'டிங்' என்றது. மச்சினி எடுத்துப் பார்த்தாள். தினமும் அந்த வட்டத்தில் மருந்து தடவிவிடுகிறவள் அவள்தான். தைத்த துணியை ஊசியோடு விட்டுவிட்டு, கழுத்தில் அளவு டேப் தொங்கத் தெருவுக்கு ஓடினாள். கல்லாவைத் தாண்டும்போது, "நன்றி மேடம், மறுபடியும் வாங்க" என்று குனிந்தபடியே ஒரு குரல் அவளை வழியனுப்பியது.

முதலாளி தெருமுனையில் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாராம். "தன்னையே இப்படித் திட்டிக்கிற ஆளை நான் பார்த்ததில்லம்மா. யாரு அவரு?"

"என் வீட்டுக்காரருங்க."

"தெரிஞ்சேதான் செஞ்சாரா?"

"தெரிஞ்சு செய்யிற ஆளா இருந்தா நான் ஏங்க இப்படி ஓடி வரேன்? தையல் என்னோடது. ஒரே ஒரு சன்னலுக்குத் தெச்சு மாட்டிக் காட்டுறேன். புடிக்கலேன்னா சொல்லிடுங்க."

பிடித்துவிட்டது. விடுதியின் எல்லா சன்னலுக்கும் ஆர்டர். மச்சான் தன் டயர்களுக்கு வேறு இடம் பார்க்கப் போய்விட்டான். மச்சினி போனில் சொல்லச் சொல்ல, சந்தோஷத்தில் நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

சகலை திருந்தினாரா என்கிறீர்களா? அன்றைக்கே பதிவு வந்தது: "பெரிய ஆர்டர். எல்லாம் குறும்பதிவின் பலன்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். நடந்ததை வரிசையாக யோசித்துப் பார்த்தேன். அவர் அழைக்காவிட்டால் முதலாளி வந்திருக்க மாட்டார். அவர் பகிராவிட்டால் மச்சினி ஓடியிருக்க மாட்டாள். மனிதர் சொல்வது அத்தனையும் நிஜம். என்ன அக்கிரமம் பாருங்கள். அடுத்த வாரம் வணிகர் சங்கத்தில் இதே தலைப்பில் பேசப்போகிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நாம் இப்படியெல்லாம் இல்லை என்ற தெம்பு. இருக்கட்டும். உங்கள் உச்சந்தலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் எதிரே நிற்பவருக்குத் தெரியும். ரொம்ப நேரமாக நிற்கிறார் போலிருக்கிறது, என்ன வேண்டும் என்று கேளுங்கள்.