சிக்னல் தம்பி சொன்ன ‘போறன்’

திருகோணமலைத் துறைமுகத்தில் எத்தனையோ நாட்டுக் கப்பல்கள் சரக்கு இறக்கியிருக்கின்றன. எங்கள் அன்புவழிபுரத்துச் சிக்னல் தம்பியைப் போல ஒரு சரக்கு இதுவரை இறங்கவில்லை. கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணுவேன்.

துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று, மேலே இருப்பவருக்குத் தூக்கு, இறக்கு என்று கை காட்டுவது அவர் தொழில். நாற்பது வயதில் அதை விட்டுவிட்டு, ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஆசிரியராக வர டிப்ளோமா வகுப்பில் சேர்ந்தார்.

“உமக்கு இது சரிவருமே தம்பி?” என்று கேட்டேன்.

“வாய் திறக்காமல் ஆளுக்கு விளங்கப்படுத்திறதுதானே அக்கா இவ்வளவு காலமும் என்ரை வேலை!”

படித்ததையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரான எங்களில்தான் பழகிப் பார்த்தார். தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டால் கோப்பைப் படம் உள்ள அட்டையைத் தூக்கிக் காட்டுவார். சீனி கூடிப்போனால் அழுகிற முகம். என் மனுசன் சாய்ந்திருக்கும் கதிரையில் ‘ஓய்வு நேரம்’ என்று ஒரு அட்டை ஒட்டினார். மனுசன் ஒரு கிழமை எழும்பவேயில்லை.

இதெல்லாம் பொறுத்தேன். மகனின் பொன்னுருக்கலன்று நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. தாலிக்குப் பொன் உருக்கிச் சபை நிறைந்திருக்கிற நேரம், சிக்னல் எழும்பி, கிரேன்காரருக்குக் கேட்கிற சத்தத்தில், “நான் போறன்!” என்றார். என் மாமி நெஞ்சில் கை வைத்துவிட்டா.

“நல்ல காரியத்தில என்ன கதை இது? போயிட்டு வாறன் எண்டு சொல்லும்!”

“ஏலாது அக்கா. நான் இண்டைக்குத் திரும்பி வரமாட்டன். கலியாணத்துக்குத்தான் வருவன்.”

அடுத்தநாள் வேலியில் நின்று காரணம் சொன்னார். பயிற்சிக்குப் போகும் பள்ளிக்கூடத்தில் தரணி என்று ஆறு வயதுப் பிள்ளை. பயிற்சி தொடங்கிய அன்று அவளிடம் “போயிட்டு வாறன்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பிள்ளை வீட்டுக்குப் போக மறுத்து, இவர் திரும்பி வருவார் என்று வாசல் கேற்றைப் பிடித்தபடி இரண்டு மணித்தியாலம் நின்றதாம். அதற்குப் பிறகு இவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“அவவுக்கு வாறன் எண்டா வாறன்தான் அக்கா. பொய் சொன்னது நான். அதுதான் எல்லாரிட்டயும் சரியாச் சொல்லிப் பழகிறன். அவவோடதான் என்ரை சோதனைப் பாடம். அவ என்னட்ட வராட்டி டிப்ளோமாவும் இல்லை, வாத்தியார் வேலையும் இல்லை.”

சோதனைநாள் பின்னேரம் வியர்க்க வியர்க்க வந்தார்.

“தரணி பக்கத்தில வந்து இருந்தா அக்கா! பாடம் முடிய, சோதிக்க வந்த மிஸ் ‘போயிட்டு வாறன் செல்லம்’ எண்டு சொல்லிப்போட்டா. பிள்ளை ஓடிப்போய்க் கேற்றைப் பிடிச்சிட்டுது. நான் மிஸ்ஸைக் கை காட்டி நிப்பாட்டி, ‘நீங்கள் திரும்பி வரமாட்டீங்கள், போறன் எண்டு சொல்லுங்கோ’ எண்டிட்டன்.”

“ஐயோ, சோதிக்க வந்தவவுக்கே பாடமே! பிறகு?”

“மிஸ் பிள்ளைக்குப் பக்கத்தில குந்தி இருந்து ‘போறன்’ எண்டா. தரணி கேற்றை விட்டிட்டு என்ரை கையைப் பிடிச்சா. பாஸ் அக்கா, பாஸ்!”

அந்த வெள்ளிக்கிழமை அவர் பேரில் அர்ச்சனை செய்யப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன்.

“பேர், நட்சத்திரம்?” என்று ஐயர் கேட்டார்.

பத்து வருசமாகப் பக்கத்து வீடு. இரண்டும் எனக்குத் தெரியாது.

“சிக்னல் தம்பி எண்டு சொல்லுங்கோ ஐயா. பிள்ளையாருக்கு ஆளைத் தெரியும். நான் ஒவ்வொரு நாளும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கும்பிடுறனான்.”