நான் கெடுத்த சால்டரிங் அயர்ன்

இந்த ஜென்மத்தில் மலேசியா போவதில்லை என்று நான் முடிவெடுத்தேன். மனசுக்குள்தான் எடுத்தேன். என் மனைவி ஃபிளோராவிடம் வாய் திறந்து சொல்லும் தைரியம் இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

வலங்கைமானில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை, கடைக்கு ரேடியோ வரவில்லை. எல்லார் வீட்டிலும் கலர் டி.வி. வந்துவிட்டது. பாழாய்ப்போனது, பழுதாகவும் மாட்டேன் என்கிறது.

"என்னங்க, கும்பகோணத்துல மஜீது பாய் மலேசியாவுக்கு ஆள் எடுக்கறாராம். டி.வி. கம்பெனி. சால்டரிங் தெரிஞ்சா போதுமாம்."

"எத்தனை வருஷம்?"

"ரெண்டுதான். ஓடிப் போயிடும்."

எனக்கு ஓடாது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இவள் திட்டாமல் ஒரு வாய் சோறு எனக்கு இறங்கியதில்லை. அங்கே திட்டுவதற்கு யார் இருக்கிறார்கள்?

"சால்டரிங் எப்படிப் பண்ணுவீங்க? காட்டுங்க" என்றாள். அயர்னைச் சூடாக்கி, ஈயத்தை உருக்கி ஒயரை ஒட்டிக் காட்டினேன். மூன்று வாரம் பக்கத்திலேயே உட்கார்ந்து, உடைந்த ரேடியோக்களில் அவளும் ஒட்டிப் பார்த்தாள். புருஷனைப் பிரியப் போகிற ஏக்கம் என்று நினைத்து நான் உருகிப் போனேன்.

மஜீது பாய் வைக்கிற டெஸ்டுக்கு அவரவர் சால்டரிங் அயர்னைக் கொண்டு வர வேண்டுமாம். அங்கேதான் எனக்குத் திட்டம் உதித்தது. என்னுடையது பழசு. செம்பு முனையில் ஈயம் பூசி வைத்திருந்தால்தான் வேலை செய்யும். முனை கறுத்தால் ஈயம் ஒட்டாமல் உருண்டோடும். கடைசி வாரம் முழுக்க மெயின்டெனன்ஸ் என்று சொல்லி, பூசிய ஈயம் போக அரத்தால் ராவினேன். சும்மாவே மணிக்கணக்கில் காய விட்டேன். முனை அடுப்புக்கரி ஆயிற்று. ஃபெயிலானால் வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாகவும் நேர்ந்துகொண்டேன்.

கும்பகோணத்துக்கு ஃபிளோராவும் வந்தாள். மஜீது பாய் ஆபீஸில் அயர்னைச் சூடாக்கி ஒயரில் வைத்தேன். ஈயம் வழவழவென்று ஒட்டியது. ஃபிளோரா பக்கம் திரும்பினேன்.

"இதை யாரு தொட்டது?"

"நான்தாங்க. கரியா கிடந்துச்சு. பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசறவர் பண்ணுவாரே, அது மாதிரி நவச்சாரம் போட்டுத் தேய்ச்சு ஈயம் ஏத்திட்டேன். ஒயரும் வெடிச்சிருந்துச்சு, இஸ்திரிப் பெட்டி ஒயரை மாட்டிட்டேன்."

வேறு வழியில்லை. ஒயரைத் தாறுமாறாக ஒட்டினேன். விரலையும் சுட்டுக்கொண்டேன். "பாய், எனக்குக் கை ஓடலை. நான் இதுக்கு லாயக்கில்லை" என்றேன். உள்ளே ஒரே குதூகலம்.

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்க ஏன் ஒட்டறீங்க? அயர்னைச் சரிபார்க்கறீங்கன்னுல்ல நினைச்சேன். கம்பெனியில லேடீஸ் மட்டும்தான் கேக்கறாங்க. போன மாசமே உங்க வீட்டம்மாகிட்ட சொன்னேனே."

ஃபிளோரா உட்கார்ந்தாள். பத்து ஒயரை மளமளவென்று ஒட்டி எழுந்தாள். பாய் தலையாட்டி, கணவர் சம்மதக் கையெழுத்துக்கு ஃபாரத்தை என் பக்கம் தள்ளினார்.

"என்கிட்ட சொல்லலையேடி?"

"சொல்லியிருந்தா கத்துக் குடுத்திருப்பீங்களா?"

மாட்டேன்தான்.

"நான் மட்டும் சந்தோஷமாவா போறேன்? நம்மள்ல ஒருத்தராவது சம்பாதிக்கணும்ல" என்றாள். குரல் லேசாகக் கம்மியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. பேனாவைத் திறந்தேன்.

"கண்ணைத் துடைச்சுட்டுப் போடுங்க" என்றாள் ஃபிளோரா. "நனைஞ்சா வேற ஃபாரம் இல்லையாம்."