நாடில்லாத பாஷையும் ஒட்டகம் வைத்த பேனரும்

எங்கள் பக்கத்தில் ஒருவன் புதிதாக ஒரு பாஷை கற்றுக்கொள்கிறான் என்றால், அவன் எங்கோ கிளம்பப்போகிறான் என்று அர்த்தம். அரபியில் நாலு வார்த்தை பேசினால் குவைத். ஜெர்மன் என்றால் நர்ஸ் வேலை. சும்மா, சந்தோஷத்துக்காக ஒரு பாஷையைக் கற்றுக்கொள்வது விருத்தாசலம் வட்டாரத்தில் யாரும் கேள்விப்படாத வியாதி. அந்த வியாதி எனக்கு வந்தது. அதில் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

வியாதியின் பெயர் லடினோ.

பீங்கான் கம்பெனி ஒன்றில் கரண்டு கம்பத்துக்கான இன்சுலேட்டர்களைப் பெட்டி கட்டி லாரியில் ஏற்றி அனுப்பும் பிரிவில் எனக்கு வேலை. அப்பாவுக்கு அதே கம்பெனியில் சூளை வேலை. எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்துப் பக்கம் போன முதல் ஆள் நான்தான். என் முதல் பட்டதாரிச் சான்றிதழை அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, வெள்ளிக்கிழமை தோறும் குங்குமம் வைப்பாள். (எனக்கு வைத்ததில்லை.)

ஒருநாள் லாரிக்காகக் காத்திருந்தபோது போனில் ஒரு பாட்டு தானாக ஓடியது. என்ன பாஷை என்றே தெரியவில்லை. தேடினேன். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள், வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு, பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு போய், துருக்கியிலும் கிரீஸிலும் பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுத்து வைத்திருந்த பாஷையாம். இன்று பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். நாமாவது கற்றுக்கொள்ளாவிட்டால் அந்தப் பாஷையின் கதி என்ன என்று கவலைப்பட்டேன். (அந்தப் பாஷைக்கு இந்தக் கவலை தெரியாது என்பது வேறு விஷயம்.)

கற்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, படிக்க ஒன்றும் கிடைக்காது என்று. விருத்தாசலத்தில் ஸ்பானிஷ் புத்தகமே கிடைக்காது. லடினோவுக்கு எங்கே போவது? இணையத்தில் துழாவித் துழாவிப் பழைய செய்தித்தாள் பக்கங்கள் சிலவற்றைப் பிடித்தேன். அவை எபிரேய எழுத்தில், வலமிருந்து இடமாக இருந்தன. ஒரு வரியைத் தாண்டுவதற்குள் என் மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும். கடைசியில், இங்கிலீஷ் எழுத்திலேயே அச்சான ஒரு சமையல் குறிப்புத் தொகுப்பு கிடைத்தது. பசித்தவன்போல் அதை மனப்பாடம் செய்தேன்.

இதையெல்லாம் பிரிண்ட் எடுத்தது என் நண்பன் குமரவேல் கடையில். ஜெராக்ஸ், லேமினேஷன், பிளெக்ஸ் பேனர் மூன்றும் அங்கே உண்டு.

"இன்னாடா மச்சான் இது, கோழி கிண்டுன மாதிரி இருக்குது?"

"வெளிநாட்டு பாஷைடா. கத்துக்கிறேன்."

அவ்வளவுதான் சொன்னேன். அவன் கண்ணில் ஒரு விமானம் ஏறியதை நான் கவனிக்கவில்லை.

மறுவாரம் எங்கள் தெருமுனையில் ஒரு பேனர் எழுந்தது. 'கடல் கடந்து செல்லும் எங்கள் சிங்கமே, சென்று வா! வென்று வா!' யாருடைய உடம்பிலோ இருந்த கோட்டு சூட்டின் மேல் என் தலை. பின்னால் ஒரு விமானம், ஈபிள் கோபுரம், பனி மலை, அதன் அடிவாரத்தில் ஒட்டகம்.

"ஒட்டகம் எதுக்குடா?" என்று கேட்டேன்.

"எந்த நாடுன்னு நீ சொல்லவே இல்ல. அதான் எல்லாத்தையும் போட்டு வுட்டேன்."

அப்போதே அப்பாவிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். போனேன். அப்பா சூளை வாசலில் நின்று ஆளாளுக்கு டீ சொல்லிக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் அவர் தோளில் கைபோட்டுப் பேசிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு காட்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

விமானத்தைவிட வேகமாக ஒரு சம்பந்தம் வந்து இறங்கியது. வேப்பூரில் பெண். பெயர் கயல்விழி. நர்சரி பள்ளியில் டீச்சர். அவளுடைய அப்பா குவைத்தில் டிரைவர். இங்கே எல்லாம் தாய்மாமன்தான். புறவழிச்சாலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அந்த மாமன், 'வெளிநாடு போற மாப்ள' என்று கேட்டதும் ஜாதகம் பார்த்து, பொருத்தம் பார்த்து, நாளும் குறித்துவிட்டார். போட்டோவில் அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு மேலும் குறைந்துபோனது. சொன்னால் இந்தப் பெண் கிடைக்கமாட்டாள். சொல்லாவிட்டால் கிடைத்த பிறகு உதைப்பார்கள்.

பெண் பார்க்க வேனில் போனோம். அப்பா புது வேட்டி. அம்மா தட்டில் பூவும் பழமும். கூடவே குமரவேல், என்னை அனுப்பிவைக்கப்போகும் பெருமையோடு.

காராசேவும் கேசரியும் வந்தன. மாமன் தொடையில் தட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஜாதகம் பொருந்திடுச்சி. தம்பியோட பாஸ்போர்ட்டையும் ஒருவாட்டி கண்ணால பாத்துட்டா தேவலங்க."

எனக்கு பாஸ்போர்ட்டே கிடையாது. இன்னொரு வாய் கேசரியை அள்ளிப் போட்டுக்கொண்டேன். குமரவேல் முந்திக்கொண்டான்.

"விசா ஆபீஸுல குடுத்துருக்குதுங்க."

"அப்புடியா? சரி, தம்பி அந்த பாஷையில ரெண்டு வார்த்த பேசட்டும். கேட்டுக்கறோம்."

அப்பா என்னைப் பார்த்தார். பேசு என்று கண்ணாலேயே சொன்னார். ஒரு வணக்கமாவது ஞாபகம் வந்திருக்கலாம். வரவில்லை. தலைக்குள் தேங்கியிருந்தது சமையல் குறிப்பு ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு அதையே சொன்னேன். பெரென்ஜெனா, கெசோ, குவேவோஸ், அசெய்தே என்று ஏற்ற இறக்கத்தோடு, மூச்சு விடாமல். கண்ணைத் திறந்தால் பெண்ணின் அம்மா கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

"அடேயப்பா," என்றார் மாமன். "மந்திரம் மாதிரி இருக்குது. அர்த்தம் இன்னாங்க தம்பி?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். எந்தப் பாஷையிலும் எனக்குப் பொய் வராது போலிருக்கிறது.

"கத்திரிக்காய நெருப்புல சுட்டு, தோல உரிச்சி, சீஸும் முட்டையும் போட்டுப் பெசஞ்சி, எண்ண தடவி வேவ வெக்கணும்னு அர்த்தங்க."

மாமன் என்னையே பார்த்தார். பிறகு, கடைக்காரர் இல்லையா, அவரால் அடக்க முடியவில்லை.

"கத்திரிக்காயில முட்டையா? கொழகொழன்னு போயிடாதா?"

"போவாதுன்னுதான் போட்டுருக்குதுங்க."

"எந்த நாட்டுலங்க இப்புடிச் செய்யிறாங்க?"

இதற்கு மேல் தாங்காது என்று தோன்றியது. "நாடே கெடையாதுங்க," என்றேன். "இது எந்த நாட்டுக்கும் சொந்தமான பாஷ இல்ல. நான் எங்கயும் போவல. பாஸ்போர்ட்டும் இல்ல. குமரவேல் தப்பா நெனச்சிட்டான்."

குமரவேல் காராசேவு தட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். முதலில் பேசியது அப்பாதான்.

"நாடே இல்லாத பாஷையா? பின்ன யார்கிட்டடா பேசுவ?"

"பேச ஆளில்லப்பா. படிக்கத்தான்."

"படிச்சா?"

முதல் பட்டதாரி சொன்ன பதில் இதுதான்: "படிச்சா... நல்லாருக்குதுப்பா."

மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்துகொள்ளப்போகிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. அம்மா பூத்தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்போது உள்கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்ப நெசமாவே நீங்க எங்கயும் போவலீங்களா?"

கயல்விழி காபித் தட்டோடு வெளியே வந்து நின்றாள். போட்டோவில் அடக்கிய சிரிப்பு இப்போது இல்லை.

"போவலீங்க."

"அப்பறமாவாச்சும் போற யோசன?"

"வேப்பூருக்கு வந்ததுக்கே எனக்கு மயக்கமா வருதுங்க."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "மாமா, எங்கப்பா ரெண்டு வருஷத்துக்கு ஒருவாட்டி வந்து, எந்த கிளாஸு படிக்கிறன்னு எங்கிட்டயே கேப்பாரு. வெளிநாட்டு மாப்ள வேணாம்னு சொல்லத்தான் இன்னிக்கி நின்னுட்டிருந்தேன். இப்ப எனக்குச் சம்மதம்."

மாமன் துண்டை மறுபடி எடுத்தார். "எதுக்குடி சம்மதம்? கத்திரிக்காய்க்கா?"

யார் முதலில் சிரித்தது என்று இன்றுவரை சண்டை. நான் அழுதேன் என்பது குமரவேலின் கட்சி. (கேசரி புரையேறியது என்பது என் கட்சி.) அன்றைக்கு நான் விட்ட பெருமூச்சில் புறவழிச்சாலை லாரிகளே ஒதுங்கியிருக்கும்.

திரும்பும்போது வேனில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். விருத்தாசலம் வந்து, இறங்கும் நேரத்தில், என் முழங்காலில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

"நீ போவப்போறன்னதுலேர்ந்து எனக்குச் சரியாத் தூக்கமே இல்லடா. நாலு பேரு மெச்சுறாங்களேன்னு சிரிச்சிக்கிட்டுத் திரிஞ்சேன். முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

கல்யாணம் நடந்தது. லடினோவும் நடக்கிறது. எபிரேய எழுத்தில் இப்போது சாப்பாட்டு நேரத்துக்குள் ஒரு பத்தி முடித்துவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமன் தன் கடையில் அந்தக் கத்திரிக்காயைச் செய்தும் பார்த்தார். பனீர்தான் கிடைத்தது. கொழகொழவென்றுதான் வந்தது. பழியை அவர் ஒரு மொத்த இனத்தின்மேல் போடாமல் என்மேல் மட்டும் போட்டார்.

ஆனால் மாமன் அதோடு விடவில்லை. சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். வேலை, சம்பளம், நிலம் எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு கேட்பார்:

"தம்பிக்கு சும்மாவே எதனாச்சும் படிக்கிற பழக்கம் இருக்குதுங்களா?"

போன மாதம் நல்லூரில் ஒரு பையன் இதைக் கேட்டுப் பதறி எழுந்தே நின்றுவிட்டான்.

"அய்யோ, சத்தியமா இல்லீங்க. எங்கிட்ட கெட்ட பழக்கமே கெடையாதுங்க."