எப்சிபாளின் சின்ன ஜெபம்

ஒரு காட்டில் திருச்சபை ஒன்று இருந்தது. சபை இருந்தால் வாலிபர் சங்கம் இல்லாமலா? அதன் செயலாளர் ஞானசிகாமணி என்ற ஆமை. வயது நூற்றுப் பத்து. ஆமை இனத்தில் இதெல்லாம் இளமை என்று அவரே சொல்லிக்கொள்வார். முயல் எப்சிபாளின் தாத்தா அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டார். எப்சிபாளும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

எப்சிபாள் ஒரு பாட்டு கட்டியிருந்தாள். தாளம் கொஞ்சம் துள்ளும். முயல் கட்டிய பாட்டு வேறு எப்படி இருக்கும்? அதை, வருஷத்துக்கு ஒருமுறை வாலிபரே நடத்துகிற வாலிபர் ஞாயிறு ஆராதனையில் பாடிவிட வேண்டும் என்று தவியாய்த் தவித்தாள். தை பிறந்தால் கல்யாணம், அப்புறம் அக்கரைக் காட்டில்தான் வாழ்க்கை. இந்த ஞாயிறை விட்டால் சொந்தச் சபையில் அவள் பாட வழியே இல்லை.

சங்கக் கூட்டத்தில் கேட்டாள். ஆமை அன்பாகத்தான் மறுத்தார். "பொறுமையா பாப்போம் தங்கச்சி. நம்ம வாலிபரெல்லாம் பழைய பாட்டைத்தான விரும்புதாங்க."

வாலிபர் என்று அவர் சொன்னது தன்னையும் பொருளாளர் யானையையும்தான். வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பார்த்தாள். பதிலுக்கு ரோஜாப்பூப் படம் வந்தது. எப்சிபாளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிறும் வந்தது. பாட்டு, வாசிப்பு, பிரசங்கம் எல்லாம் பெரியவர்கள். இளசுகளுக்கு பெஞ்சு தூக்கிப் போடுகிற ஊழியம். கடைசியில் ஆமை மனமிரங்கி மைக்கை நீட்டினார்.

"நம்ம எப்சிபா தங்கச்சி ஒரு சின்ன ஜெபம் பண்ணும்."

சபை கண்ணை மூடியது. அங்கே ஜெபம் ஆரம்பித்தால் ஆமென் வரும்வரை யாரும் கண் திறக்கக் கூடாது, குறுக்கே பேசவும் கூடாது. இந்த ஒழுங்கை வைத்துத்தான் ஆமை போன அசன விருந்தில் சோறு ஆறி விறைக்கும்வரை ஜெபித்திருந்தார்.

எப்சிபாள் "ஆண்டவரே" என்றாள். மூச்சை இழுத்துப் பிடித்தாள். பாட ஆரம்பித்துவிட்டாள்.

ஆமை லேசாக இருமிப் பார்த்தார். ஜெப நேரத்தில் என்ன சத்தம் என்று யானையின் மனைவி அதட்டினாள். அவர் இருமலை விழுங்கிக்கொண்டார். இரண்டாம் சரணத்தில் யானையின் கால் தாளம் போட்டது. மூன்றாம் சரணத்தில் ஆமை பழக்க தோஷத்தில் அடிக்கொரு ஸ்தோத்திரம் சொன்னார். எப்சிபாள் சந்தோஷத்தில் கடைசி அடியை இரண்டு தரம் பாடினாள். ஆமென் சொல்ல மனமே வரவில்லை, சொன்னாள்.

வாசலில் ஆமை அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நல்ல ஜெபம் தங்கச்சி. சட்டுன்னு முடிச்சிட்டியே."

நீதி: பெரியவர்களின் கண்ணைத் திறக்கப் பாடுபடாதே, மூட வைத்தால் போதும்.