சரசு கொடுத்த புட்டி

பேதியாகிக் கிடக்கும் குழந்தையைப் பெற்ற தாயே மறைக்க வேண்டுமென்றால், வெளியிலிருந்து வருகிறவருக்கு எவ்வளவு நல்லெண்ணம் இருக்க வேண்டும்? எனக்கிருந்த அளவே போதும் என்பதை, மைசூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே நிரூபித்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நுண்ணுயிரியல் படித்து முடித்து, சமூகத்துக்கு நல்லது செய்தே தீருவது என்று ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். பேதி கண்ட கைக்குழந்தைகளின் மலத்தைச் சேகரித்து வருவது என் பணி. (ரயில்வேயில் இருந்த அப்பா, உறவினர்களிடம் "ஆராய்ச்சி பண்றா" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் காபி கொண்டுவர எழுந்துவிடுவார்.) அதிலிருக்கும் ரோட்டா வைரஸின் மரபுப்பொருளைப் பிரித்தால் கோடு கோடாகத் தெரியும், வகைக்கொரு கோட்டு வரிசை. கட்டடத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றிலிருந்து வந்த மாதிரியில், அதுவரை நாங்கள் பார்த்திராத வரிசை இருந்தது. அது பரவுகிறதா என்று அறிய, அங்கேயே நோயுற்ற இன்னொரு குழந்தையின் மாதிரி வேண்டும்.

அங்கிருந்தவர்கள் தமிழ்நாட்டு எல்லையோரமுள்ள ஹனூர்ப் பக்கத்துத் தமிழர்கள். வீடு வீடாகப் போனால் நேரம் வீண் என்று கருதி, மேஸ்திரியிடம் சொல்லி எல்லோரையும் வரிசையில் நிறுத்தினேன். வெள்ளைக் கோட்டோடு அவர் பக்கத்தில் நின்று, ஆரோக்கியத்தின் அருமையை மேடைத் தமிழில் விளக்கினேன். "யார் வீட்டுக் கொழந்தைக்குடா சீக்கு?" என்று அவர் அதட்டினார். பெண்கள் குழந்தைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். சேலையில் அப்போதுதான் அலசிய ஈரத்தை வைத்து சரசு என்ற இளம் தாயை நானே கண்டுபிடித்தேன். (பெரிய துப்பறியும் புலி!) புட்டியைக் கொடுத்து, காலையில் வருகிறேன் என்றேன்.

காலையில் அவள் அதைத் துணியில் சுற்றி, தாம்பூலம்போல் இரு கையாலும் நீட்டினாள்.

"பையன் எப்படி இருக்கான்?"

"நல்லாருக்கானுங்க மேடம். தூங்கறானுங்க."

உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், பேதிக்குக் கொடுக்கவென்று பையில் வைத்திருந்த உப்புச்சர்க்கரைப் பொட்டலங்களை அப்படியே சுமந்துகொண்டு பஸ் ஏறினேன்.

ஆய்வுக்கூடத்தில் எங்கள் பேராசிரியர் புட்டியைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை உயர்த்தினார். "ஏனம்மா, இது பேதியா? ராத்திரி ராகி முத்தேக் களி நல்லா சாப்பிட்டவங்களோடது!"

அறையே சிரித்தது, நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில்தான் உறைத்தது: இது வேறு யாருடையதோ என்றால், அந்தக் குழந்தை?

ஆட்டோ பிடித்து ஓடினேன். குழந்தையின் கண்கள் குழிந்திருந்தன. அழுதான், கண்ணீர் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் சரசு விசும்பினாள்.

"எதுத்த வீட்டுப் பாப்பாவோடதுங்க அது. சீக்குன்னு தெரிஞ்சா மேஸ்திரி வேலையை விட்டு நிறுத்திருவாருங்க. நீங்க அவருகூடத்தானுங்க வந்தீங்க."

குளுக்கோஸ் ஏறியபின் பையன் தேறினான். தேறியதன் அடையாளமாக, நாங்கள் தேடிய மாதிரியை என் வெள்ளைக் கோட்டிலேயே வழங்கினான். சுரண்டி எடுத்துப் பிரித்துப் பார்த்ததில், அதே புது வரிசை.

ஆனால் ஆட்டோ வந்துபோனதை மேஸ்திரி பார்த்துவிட்டார். அடுத்த வாரம் சரசுவின் குடும்பத்தை ஹனூருக்கு அனுப்பிவிட்டார். மன்றாடப் போனேன்.

"ஆரோக்கியம்தான் முக்கியம்னு நீங்கதானே மேடம் பேசினீங்க?" என்றார். 

இன்றும் எங்கள் வீட்டில் ராகி முத்தே பரிமாறினால், "பேராசிரியர்கிட்ட காட்டியாச்சா?" என்று தம்பி கேட்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், சற்றுத் தாமதமாக.

அதன்பின் எந்த முதலாளியையும் மேஸ்திரியையும் முன்னிறுத்தி நான் ஒரு வீட்டுக்கும் போகவில்லை. வெள்ளைக் கோட்டை ஆய்வுக்கூடத்திலேயே மாட்டிவைத்தேன். போன வீட்டில் முதலில் குழந்தையைப் பார்த்தேன், உப்புச்சர்க்கரைப் பொட்டலத்தைக் கொடுத்தேன்; புட்டியை அதற்குப் பிறகுதான் எடுத்தேன்.