குதிக்காலுக்கு இரண்டு புள்ளி

எனக்கு இலக்கியம் படிப்பிக்கத் தெரியாது. அதைத்தான் பத்து வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். களைப்பாக இருக்கிறது.

முதல் வருடம் யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில இலக்கியத்துக்குப் புதிதாக நியமனம் பெற்றிருந்தேன். வகுப்பைப் பார்த்து வேலையை நிரந்தரமாக்க அதிகாரி ஒருவர் வருவதாகச் சொன்னார்கள். பாடம், அடிமையாக இருந்து தப்பிய ஒருவர் எழுதிய தன்வரலாறு. உவமைக்குச் சிவப்பு, முரண்நகைக்கு நீலம், மற்றதற்கெல்லாம் பச்சை என்று புத்தகம் முழுக்கக் கோடு போட்டிருந்தேன். (பாவம், அந்த மனிதர் இதற்காகவா தப்பி ஓடினார்!) போதாததற்கு, யார் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது என்று பிரித்து, விடைச் சீட்டுகளை அவரவர் மேசைக்குள் ஒட்டியும் வைத்தேன்.

அன்று பார்த்துக் குருநகர்ப் பிள்ளைகள் மூன்று பேர் தேவாலயத் திருநாளுக்காக வரவில்லை. முன்வாங்கு வெறுமையாக இருந்தால் அதிகாரி என்ன நினைப்பார் என்று, மற்றவர்களை அவசரமாக முன்னுக்கு நகர்த்தினேன். சீட்டுகள் நகரவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

"உவமை எங்கை வருகுது?" என்று கேட்டேன்.

எழும்பிய பெடியன் மேசைக்குள் எட்டிப் பார்த்தான். "எசமான் செபம் சொல்லி முடிச்சுப்போட்டுச் சவுக்கை எடுக்கிறான், சேர்."

"அப்ப முரண்நகை?"

"இருட்டு ஈரச் சாக்குப்போலக் கிடந்தது, சேர்."

அதிகாரியம்மா பேனையை மூடிவைத்தார். எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"நான் ஒண்டு கேக்கிறன்," என்றார் அவர். "தாயை வித்து ஏத்திக்கொண்டு போற இடத்திலை முகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வண்டியிலை ஏறின குதிக்காலை மட்டும் சொல்லுறார். ஏன்?"

"குறிப்பால் உணர்த்தல், மிஸ்! ரெண்டு புள்ளி!" என்று நானே கத்தினேன். கேள்வி பிள்ளைகளுக்கானது; புள்ளி போட அது பரீட்சையும் அல்ல.

கடைசி வாங்கில் மயிலிட்டிப் பிள்ளை நிரோஜா எழும்பினாள். வாய் திறக்காத பிள்ளை என்று அவளுக்கு மட்டும் நான் சீட்டே எழுதவில்லை.

"முகம் ஞாபகம் இருந்திராது, மிஸ். என்ரை அப்பா கடலுக்குப் போய் வராமல் விடேக்கை எனக்கு மூண்டு வயசு. படத்திலை முகம் பாத்திருக்கிறன். கண்ணாலை கண்டதெண்டு ஞாபகம் இருக்கிறது மணல் ஒட்டின காலை மட்டும்தான்."

அந்தப் பந்தியை நான் ஐந்து தடவையாவது படித்திருப்பேன். ஒரு மகன் தாயின் முகத்தைத் தொலைத்த இடம் அது என்று ஒருதடவையும் எனக்குத் தோன்றவில்லை. பச்சைக் கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"வகுப்பில் ஒரு மாணவிக்கு இலக்கியம் நன்றாக விளங்குகிறது. ஆசிரியருக்கு இன்னும் ஓராண்டு தேவை" என்று அறிக்கை வந்தது. நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

இந்தக் கதையை வீட்டில் சொன்னது அடுத்த பிழை. கறியில் உப்பில்லை என்று நான் சொன்னால், "அது குறிப்பால் உணர்த்தல், ரெண்டு புள்ளி" என்கிறாள் மனைவி. நான்கு வயது மகளுக்கும் அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். காலையில் நான் மோட்டார் சைக்கிளை உதைத்ததும் வாசலில் இருந்து சத்தம் வரும்.

"அப்பா, குதிக்கால் மட்டும் காணாது! முகத்தைக் காட்டிப்போட்டுப் போங்கோ!"

பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு பிந்தினாலும் ஹெல்மெட்டைக் கழற்றி, திரும்பி, காட்டிவிட்டுத்தான் போகிறேன்.